போர்டில் ஏறிய இறக்கம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் மேலே போனால் நடந்தது விளங்காது. அதுவும் எழுத்துப் பிழை என்றால் என்னால் பொறுக்க முடியாது. பஸ்ஸில் 'கவனம்' என்பதைக் 'கவணம்' என்று எழுதி ஒட்டியிருந்தால், கண்டியில் ஏறி வத்தேகமவில் இறங்கும்வரை அதையே பார்த்துப் பொருமிக்கொண்டு வருவேன். ஒருமுறை ஒரு மருந்துக்கடையில் 'மறுந்து' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கடைக்காரரைப் பிடி பிடி என்று பிடித்தேன். அவர் பாவம், "சரிம்மா, உங்களுக்கு என்ன வருத்தம், அதச் சொல்லுங்க" என்றார். தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கண்டியில் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரியில் தமிழ் படிப்பிக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நான் கோயிலுக்குப் போகிறவள். நெற்றியில் திருநீற்றோடுதான் காலையில் மாதா சிலை இருக்கும் கெபிக்கு முன்னால் பிள்ளைகளோடு நிற்பேன். எனக்குப் பக்கத்தில் அக்குறணையிலிருந்து வரும் வர்த்தக டீச்சர், தலையில் முக்காட்டோடு நிற்பார். முன்னால் சிங்களப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் நிற்பார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்டதில்லை. எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான். இரண்டாவது காரணம் எங்கள் அதிபர் சிஸ்டர்.

சிஸ்டர் சிங்களவர். பல வருஷம் மடுல்கெல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்ததில் தமிழ் நன்றாகவே பேசுவார், தோட்டத்துத் தமிழ். உயர்தர வகுப்புப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்வதில் அவரைப்போல் பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. அதே பிடிவாதத்தோடு, மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அதே பிள்ளைகளை முதியோர் இல்லத்துக்கு அனுப்பி, வயதானவர்களுக்கு நகம் வெட்டிவிடச் சொல்வார். "சோதனைக்கு மூணு மாசந்தான் இருக்கு, டியூஷன் கெட்டுப்போகுது சிஸ்டர்" என்று பெற்றோர் வந்து சண்டை பிடிப்பார்கள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "நகம் வெட்டத் தெரியாத டொக்டர் நமக்கு எதுக்கு?" என்பார். மறு வெள்ளிக்கிழமையும் பிள்ளைகள் போவார்கள்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தின் நோக்கத்தைச் சொல்லும் பணிக்கூற்றையும் விழுமியங்களையும் மண்டபச் சுவரில் மூன்று மொழியிலும் எழுதப்போகிறோம், தமிழை நீங்கள் செய்யுங்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் எழுதுவது சுவரில் ஏறப்போகிறது! ஆங்கிலத்தில் இருந்த பணிக்கூற்று வறண்டு கிடந்தது. நான் அதை அப்படியே தமிழாக்காமல், 'எம்மிடம் வரும் ஒவ்வொரு மாணவியையும் அறிவால் பல்கலைக்கழக வாசல் வரையும், அன்பால் அதற்கு அப்பாலும் அழைத்துச் செல்வோம்' என்று எழுதினேன். சிஸ்டர் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நல்லா இருக்கு என்றார். அன்றைக்குச் சாப்பாடு தேவைப்படவில்லை எனக்கு.

விழுமியங்கள் நான்கு. நேர்மை, ஒழுக்கம், சேவை மூன்றிலும் பிரச்சினை இல்லை. நான்காவதற்குத்தான் வர்த்தக டீச்சர், "பரிவுன்னு போட்டா என்ன?" என்று கேட்டார்.

"பரிவும் வேணாம், கரிசனையும் வேணாம். இரக்கம். கோயில்ல, பள்ளியில, சேர்ச்சுல எல்லாரும் கேக்கிறது அதைத்தானே?" என்றேன்.

"சரி சரி, எழுதுங்க. எழுதின பொறகு நான் ஒருக்கா பாக்கட்டுமா?"

"தமிழ் டீச்சர் எழுதினத வர்த்தக டீச்சர் பாக்கணுமா?" என்று கேட்டேன். வாய்க் கொழுப்பு. வேறென்ன?

பெயின்ட் அடிக்கிறவர் வத்தேகமவைச் சேர்ந்த ஒரு சிங்களவர். எங்கள் பக்கம் தச்சர், மேசன், பெயின்டர் எல்லாருமே 'பாஸ்'தான். இவர் எங்களுக்குப் பெயின்ட் பாஸ். அறுபதை நெருங்கியவர். தமிழ் கொஞ்சம் பேசுவார், ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. ஆனால் எழுதிக் கொடுத்தால் போதும், கோலத்தைப் பார்த்துப் போடுகிற மாதிரி சுழி சுழியாகப் பார்த்து அப்படியே சுவரில் இறக்கிவிடுவார். நகரத்தில் பல தமிழ்ப் பலகைகள் பல்லிளிப்பது எழுதுகிறவர்களின் அவசரத்தால். இவருக்கு அவசரமே கிடையாது. பெரிய தாளில், தடித்த பேனாவால், கொட்டை எழுத்தில் நான் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார். அப்படியே எழுதினேன். கொடுக்கும் முன் என் கைபேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொண்டேன், என் அருமையான கையெழுத்து ஆயிற்றே.

அதை எழுதிய அந்த ஒரு மணித்தியாலத்தில் என்னிடம் இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஏறி வருகிற ரோடு செங்குத்து. மழைக்காலத்தில் ஸ்கூல் வான்கள் அதில் நின்று வழுக்கிவிட்டால் கீழே பெரிய ரோட்டில்தான் போய் நிற்கும். அதனால் வான் சாரதிமாருக்கு ஓர் அறிவித்தல் எழுதச் சொல்லியிருந்தார் சிஸ்டர். 'இறக்கத்தில் வான்களை நிறுத்த வேண்டாம்.' ஒரு தாளை எழுதி, மற்றத் தாளை இழுத்து, அதை எழுதி, இதை முடித்தேன். வெளியே நல்ல மழை.

பாடசாலைத் திருவிழா அன்று பாதர் ஒருவர் வந்து திரையை விலக்கினார். மூன்று மொழியும் நீலத்தில் பளபளத்தன. கைதட்டினார்கள். பெற்றோர் படம் எடுத்தார்கள். நான் கடைசி வரிசையில் நின்று கண்கலங்கினேன். பெயின்ட் பாஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஓர் ஓரமாக நின்றிருந்தார். சிஸ்டர் அவரையும் பாதருக்குக் காட்டி, புதுக் கட்டடத்து வகுப்புக் கதவுகள் எல்லாவற்றுக்கும் இவரே எழுதப்போகிறார் என்றார்.

ஒரு மாதம் நிம்மதியாகப் போனது. நான் எழுதியதுதானே என்று அதை ஒருநாளும் எழுத்துக்கூட்டி வாசிக்கவில்லை. பிறகு ஆறாம் வகுப்பில் சொல்வதெழுதல் வைத்தேன். ஒரு சின்னப் பிள்ளை, வாயில் முன்பல் இரண்டும் பெரிசு, 'இறக்கம்' என்று எழுதியிருந்தது. சிவப்புப் பேனாவால் ஒரு வெட்டு வெட்டினேன்.

"ஏழை மேல காட்டுறது எந்த இரக்கம்? சின்ன ரவா, பெரிய றவா?"

"பெரிய ற டீச்சர்."

"பெரிய ற போட்டா அது மலையில இருந்து இறங்கிற இறக்கம்!"

"போர்டுல அப்பிடித்தானே டீச்சர் இருக்கு?"

எந்தப் போர்டு என்று கேட்டேன். மண்டபத்துப் போர்டு என்றது, சுவரில் எழுதியதைத்தான். போய்ப் பார்த்தேன். நேர்மை, ஒழுக்கம், சேவை, இறக்கம். நல்ல நீலத்தில், ஒரு முழ உயர எழுத்துகளில்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பெயின்ட் பாஸ் அந்த நேரம் புதுக் கட்டடத்தில் ஒரு கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விறுவிறு என்று போனேன். அவருக்கு விளங்க வேண்டும் என்று சிங்களத்திலேயே ஏசினேன். ஒரு மாதமாக ஊரே பார்க்கிறது, ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற இடம், என் மானம் போச்சு என்று கத்தினேன். கடைசியில், "கண் தெரியாவிட்டால் எதுக்கு பிரஷைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்?" என்றும் கேட்டேன். வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து என்னோடு மண்டபத்துக்கு வந்தார். நான் காட்டிய எழுத்தை அண்ணாந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அனே டீச்சர், மன்னிச்சிருங்க," என்றார் தமிழில். "எனக்கே கொஞ்ச நாளா சந்தேகம். ராவுக்கு கண்ணு ஒரு மாதிரிதான் ஈக்குது."

போய் பிரஷ்களைக் கழுவி, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, சிஸ்டரிடம் ஏதோ சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஏழு கதவுகள் முடிந்திருந்தன. எட்டாவதில் எண்ணில் பாதி இருந்தது.

மறுநாள் இடைவேளைக்கு சிஸ்டர் ஆசிரியர் அறைக்கு வந்தார். "பெயின்ட் பாஸ் இனி எழுத்து வேல செய்யலயாம் டீச்சர். கண்ண நம்ப ஏலாதுங்கிறாரு. முப்பது வருசம் செஞ்ச கை. மனசு ஒடஞ்சு போயிட்டாரு."

"பின்ன என்ன சிஸ்டர், அவ்வளவு பெரிய தாள்ல, அவ்வளவு தெளிவா எழுதிக் குடுத்தும் பிழை விட்டா?" என்றேன். "இருங்க, நான் என்ன எழுதினேன்னு காட்டுறேன்." கைபேசியை எடுத்துப் படத்தைத் தேடினேன். வந்தது. விரலால் பெரிதாக்கினேன்.

என் கையெழுத்து. என் தடித்த பேனா. இறக்கம்.

முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. வான் சாரதிமாருக்கு எழுதிய இறக்கம், ஒரு தாளிலிருந்து மற்றத் தாளுக்கு வந்து குந்திக்கொண்டிருக்கிறது. அந்த மனுஷன் ஒரு கோடு கூட மாற்றவில்லை. நான் கொடுத்ததைத்தான் எழுதியிருக்கிறார்.

சிஸ்டர் கையை நீட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "படம் அழிஞ்சு போச்சு போல சிஸ்டர்" என்றேன். நேர்மை என்று சுவரில் எழுதியவள்தான். எழுதி ஒரு மாதம் ஆகிறது, அவ்வளவுதான். சிஸ்டர், பரவாயில்லை என்று போய்விட்டார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வர்த்தக டீச்சர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கொப்பிகளைத் திருத்துகிற மாதிரிக் குனிந்துகொண்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பாத்துட்டீங்கல்ல? சிரிங்க," என்றேன்.

"அல்லாவே, என்னத்துக்கு சிரிக்கிற? போய் செல்லிட்டு வாங்க. இதுல என்ன வெக்கம் ஈக்கி?"

வெட்கம் இல்லையாமா! இருபது வருஷமாக ஊரிலுள்ள எல்லாருடைய எழுத்தையும் வெட்டித் தள்ளியவள். மருந்துக்கடையில் சண்டை போட்டவள். எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? நாலைந்து நாள் போகட்டும், ஆறிவிடும், யாராவது வேறு பாஸ் வந்து ஒரு எழுத்தைத் திருத்திவிட்டுப் போவார் என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவருக்கு வயதாகிவிட்டது, எப்படியும் ஒருநாள் நிறுத்தத்தானே வேண்டும் என்று கூட நினைத்தேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்று நாள் அப்படியே ஓடியது. சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் உயர்தர வகுப்பில் பாடம். அங்கே பிள்ளைகள் பெரியவர்கள், எழுத்தில் என்னையே மடக்கக்கூடியவர்கள். சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"மண்டபத்துப் போர்டுல பிழை இருக்கே, உங்கள்ல ஒருத்தர் கண்ணுலயுமா படல?" என்று கேட்டேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் வரிசையில் இருந்த மடுல்கெல்லப் பிள்ளை எழுந்து நின்றது. கெட்டிக்காரி, டொக்டர் ஆகப்போகிறவள் என்று நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பவள்.

"தெரெய விலக்கின அன்னிக்கே பாத்துட்டோம் டீச்சர்."

"பின்ன ஏன் யாரும் சொல்லல?"

அவள் தரையைப் பார்த்தாள். "சொன்னா நீங்க பெயின்ட் பாஸ ஏசுவீங்கன்னுதான் டீச்சர். அவருக்குத் தமிழ் தெரியாதுல்ல, பாவம். திருவிழா லீவுக்கு யாரும் இல்லாத நேரம் நாங்களே ஏறித் திருத்திரலாம்னு பாத்தோம். ஏணி எட்டல."

வகுப்பு முழுவதும் எழுந்து தலைகுனிந்து நின்றது, பெரிய குற்றம் செய்துவிட்டவர்கள் போல. இரக்கம் என்றால் என்ன என்று நான் இவர்களுக்கு ஒரு பாடம் கூட எடுத்ததில்லை. எழுத்தைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். அவர்கள் என் நாக்கிலிருந்து ஒரு மனுஷனைக் காப்பாற்ற ஏணி தேடியிருக்கிறார்கள்.

"உட்காருங்க," என்றேன். "அவர் பிழை விடல. நான்தான் பிழையா எழுதிக் குடுத்தேன்." வகுப்பை அப்படியே விட்டுவிட்டு சிஸ்டரின் அறைக்குப் போனேன். கைபேசியை மேசையில் வைத்தேன். அழிஞ்சு போச்சு என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன்.

சிஸ்டர் படத்தை நிறைய நேரம் பார்த்தார். "இறக்கம்னா என்ன டீச்சர்? சரிவா?"

"ஓம் சிஸ்டர். மேட்டுல இருந்து இறங்குற சரிவு."

அவர் ஜன்னலுக்கு வெளியே, வான்கள் முக்கி முனகி ஏறி வருகிற ரோட்டைப் பார்த்தார். "அதுவும் நம்ம ஸ்கூல்ல நெறய இருக்கு," என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிறகு கைபேசியை என் பக்கம் தள்ளினார். "என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? நானா பிரஷ கழுவி வச்சது?"

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் வத்தேகம பஸ்ஸில் ஏறினேன். தினமும் போகிற பஸ்தான், தினமும் இறங்குகிற ஊர்தான். ஆனால் சந்தையைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போகிற பாதையில் நின்று நின்று போனேன். வழியெல்லாம் சிங்களத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் ஏசினால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். நான் ஏசியதற்கு அவர் இரண்டு மடங்கு ஏசலாம். நியாயம்தான்.

அவர் முன்கூடத்தில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, எனக்குக் கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"பாஸ், அந்தப் பிழை உங்களோடது இல்ல. நான்தான் பிழையா எழுதிக் குடுத்தேன். நீங்க நான் எழுதினத அப்படியே எழுதியிருக்கீங்க. இந்தா பாருங்க."

கைபேசியை வாங்கினார். பிறகு உள்ளே போய், நான் கொடுத்த அந்தப் பெரிய தாளைச் சுருள் பிரித்துக்கொண்டு வந்தார், அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார், ஆனால் கண்ணை நம்பாமல் பிரித்துப் பார்க்கவே இல்லையாம். தாளையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த 'ற'வின் வளைவுகளில் விரலை மெதுவாக ஓட்டினார். ஒரு தரம். இன்னொரு தரம். நான் ஏச்சுக்குக் காத்துக்கொண்டு நின்றேன்.

"டீச்சர்," என்றார். "இது இந்தத் தாளிலேயே இப்படித்தான் இருந்ததா?"

"இப்படித்தான் இருந்துச்சு பாஸ்."

"நான் பார்த்தது சரியா?"

"சரி பாஸ். நூத்துக்கு நூறு சரி."

"அப்போ என் கண்ணுக்கு ஒன்றும் இல்லையா?"

நான் வாயைத் திறக்கும் முன் அவர் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். என் கண் நல்லாத்தான் இருக்காம், டீச்சரே வீட்டுக்கு வந்து சொல்கிறார் என்று. அவருடைய மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தார். நாலு நாளாக மனுஷன் இந்தக் கதிரையில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரிலிருக்கிற கலண்டரைப் பார்ப்பார், பிறகு மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பார், சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டார் என்று சொன்னார். சொல்லிவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்கள் நல்லா இருக்கணும் டீச்சர், இவ்வளவு தூரம் வந்து சொன்னீர்களே என்று கும்பிட்டார்.

மன்னிப்புக் கேட்கப் போனவளுக்கு நன்றி சொல்கிறார்கள். பால் இல்லாத பிளேன்டீ ஊற்றிக் கொடுக்கிறார்கள். நான் அந்த வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து அழுதேன், அவர்கள் இரண்டு பேரும் என்னைச் சமாதானப்படுத்தினார்கள்.